‘விடு’வுக்குச் சுழி கிடையாது

1

இந்தக் கதையை நான் ஓர் ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்காக எழுத ஆரம்பித்தேன். ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்த்துக்கட்டுவது என்றால் கத்தி கபடா எல்லாம் இல்லை. அதற்கு என் கையில் விரல் போதாது. பேர் போட்டு, அப்பா பேர் போட்டு, வேலை செய்யும் இடம் போட்டு, அவன் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுவது. எழுத்து தெரிந்தவர்கள் எழுத்து தெரியாதவர்களை அப்படித்தானே காலங்காலமாகத் தீர்த்துக்கட்டுகிறார்கள்? எனக்கு எழுத்து வந்தது ஐம்பத்து நான்காவது வயதில். வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் செய்யப் பார்த்தேன்.

இப்போது இதில் பேர் இல்லை. அது எப்படிப் போனது என்பதுதான் கதை.

இன்னொன்று. கதையில் வருகிற ஆள் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் பேனா என் பக்கமே சாய்கிறது. நாலு வரிக்குள் நான் புனிதர் ஆகிவிடுகிறேன். அதனால் ‘அவர்’ என்று எழுதப்போகிறேன். வேலை இடத்தில் அவருக்கு ‘எட்டு’ என்று பேர். பத்தில் இரண்டு போக மீதி. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. வயதில் சின்னவர்கள் மரியாதையாக ‘எட்டண்ணே’ என்பார்கள்.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

முதலாவது: “அன்று வானம் கறுத்திருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று எட்டுவின் மனம்—”

விட்டேன். கண்ணாடிக் கிடங்கில் ஜன்னலே கிடையாது. வானம் கறுத்ததா வெளுத்ததா என்று உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது: “நம்பியவனே கழுத்தை அறுத்தான்.”

இதையும் விட்டேன். போனது கழுத்து இல்லை. கதையில் ஓர் உறுப்பை மாற்றினால் பிறகு எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும்.

மூன்றாவது வேலையிலிருந்து தொடங்கியது. அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் கண்ணாடிப் பலகையை இரண்டு பேர் தூக்குவார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இறக்கும் இடத்தில் தரையில் இரண்டு மரச்சட்டம் போட்டிருக்கும். முன்னால் இருப்பவரின் மூலை முதலில் மரத்தைத் தொடும். தொட்டதும் அவர் “விடு” என்பார். பின்னால் இருப்பவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தன் பக்கத்தையும் சாய்த்து வைத்து, விரல்களை உருவிக்கொண்டு, “விட்டேன்” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் முன்னால் இருப்பவர் கையை எடுக்கலாம். இரண்டே சொல். இந்த இரண்டு சொல்லில்தான் எத்தனையோ பேருடைய விரல்கள் இன்னும் கையோடு இருக்கின்றன.

(இந்த ‘விடு’வுக்கு மரியாதை கிடையாது. முதலாளியே வந்து ஒரு பக்கம் பிடித்தாலும் ‘விடு’தான். ‘விடுங்க’ என்று நீட்டி முழக்குவதற்குள் கண்ணாடி முடித்துவிடும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.)

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னால் பிடித்தவன் ‘விடு’ சொல்லவில்லை. கையை மட்டும் எடுத்துவிட்டான். பின்னால் பிடித்திருந்தவர் எட்டு.

முன்னால் பிடித்தவன் வேறு யாருமில்லை. எட்டுவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அவருக்கு மச்சினன். அந்த வேலைக்குச் சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டதே எட்டுதான். வேலியில் போன ஓணானைக்கூட எடுத்து மடியில் விட்டுக்கொள்ளவில்லை, வீட்டிலேயே இருந்ததை எடுத்து விட்டுக்கொண்டார்.

3

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம் அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். நடந்தது இதில் எழுதியிருக்கிறது, கைநாட்டு வையுங்கள் என்றார்கள். வலது கைப் பெருவிரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்தார். பிரதி ஒன்று வீட்டுக்கு வந்தது. மனைவிக்கு வாசிக்கத் தெரியும்.

“உன் தம்பி என்ன சொல்லியிருக்கான்?”

“கண்ணாடி வழுக்கிடுச்சாம்.”

“‘விடு’ சொல்லாததப் பத்தி?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. வழுக்கிடுச்சுன்னு மட்டும்தான் போட்டிருக்கு.”

தாளை மடித்து பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பினால், எல்லோரும் அவரிடம் கத்துகிறார்கள். “எட்டண்ணே! டீ!!” டீ கொண்டுவருபவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று அலறுவார். காதைப் பரிசோதிக்க அனுப்பினார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “உங்க காதுக்கு என்ன குறைச்சல்? நான் மனசுல நினைக்கிறதே உங்களுக்குக் கேக்கும்போல இருக்கே” என்றார். அந்த அறிக்கையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணாடி தூக்குவதிலிருந்து எடுத்து, கண்ணாடி துடைக்கும் வேலையில் போட்டார்கள். இருபது வருஷம் தூக்கியவர். அவரோடு ஜோடி சேர இனி ஆள் இல்லை. ‘பாவம், காது மந்தம்.’

இந்தக் காதுக் கதை எங்கிருந்து வந்தது என்று மச்சினனைக் கேட்டார்.

“நான் ஒண்ணும் சொல்லல அத்தான். ஆபீஸ்ல அவங்களா எழுதிக்கிட்டாங்க.”

“சரி, அன்னைக்கு நீ ‘விடு’ சொன்னியா?”

“சொன்ன மாதிரிதான் அத்தான் ஞாபகம்.”

விரல் போனதைவிடப் பெரிய சேதம் இந்தப் பதிலில்தான் நடந்தது. எட்டு தன் காதையே நம்பாமல் போனார். அடுக்களையில் குழாய் சொட்டுவதை எண்ணிப் பார்ப்பார். அடுத்த அறையில் மனைவி வெங்காயம் நறுக்கினால் எழுந்து போய் நிற்பார்.

“இப்ப ஏதாவது சொன்னியா?”

“இல்லங்க.”

“சொல்லலையா, இல்ல நான் கேக்கலையா?”

அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள். வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

4

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு நாள் மனைவி திடீரென்று எழுத்து சொல்லித்தருகிறேன் என்றாள்.

“எனக்குக் கண்ணு மங்குது. இனிமே வேதப் புத்தகத்த நீங்களே வாசிச்சுக்கோங்க.”

(அன்று காலைதான் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்தாள். எட்டு கவனித்தார். கேட்கவில்லை.)

சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. ண, ன, ந வந்த அன்று பெரிய சண்டை. “ஒரே சத்தத்துக்கு மூணு எழுத்தா? இதக் கண்டுபிடிச்சவன் வேலவெட்டி இல்லாம இருந்திருக்கான்.” இகரமும் ஈகாரமும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ‘வி’ என்று எழுதச் சொன்னால் கை தானாக மேலே போய்ச் சுழித்துவிடும். “குறிலுக்குச் சுழி கிடையாதுங்க. சுழிச்சா நீண்டுடும்” என்று அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்துவாள். விரல் இல்லாத இடது கையால் அவர் தாளை அழுத்திப் பிடிப்பார். தாள் நழுவும். அதையும் அவளே பிடித்துக்கொள்வாள். ஒரு தாளுக்கு மூன்று கை.

(இந்த இடத்தில் அவர்கள் இருவரையும் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். “அதெல்லாம் எதுக்கு ஊருக்கு?” என்று ஒரு குரல் வந்தது. விட்டேன்.)

இரண்டு வருஷத்தில் வாசிக்க வந்தது. சோப்பு உறை, தீப்பெட்டி, பஸ்ஸின் முதுகு, எதையும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசிக்க வேறு எதுவும் கிடைக்காமல் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

“வி… டு. விடு. என்று… உ… ரக்… உரக்கச் சொன்னேன். அவர்… காதில்… வாங்க… வில்லை.”

கீழே மச்சினனின் கையெழுத்து. பக்கத்திலேயே தன் பெருவிரல்.

மனைவி துணிக் கூடையோடு உள்ளே வந்தாள். டப்பா திறந்திருப்பதைப் பார்த்தாள்.

“படிச்சிட்டீங்களா?”

“படிச்சிட்டேன்.”

“எல்லா வரியுமா?”

“நீ விட்ட வரியையும்.”

கூடையைக் கீழே வைத்தாள். “அவன் என் தம்பி. நீங்க என் வீட்டுக்காரர். நடுவுல அந்த ஒரு வரிய நான் முழுங்கிட்டேன். பதினோரு வருஷமாச் செரிக்கல. வாயால சொல்லத் தைரியம் வரல. அதான் எழுத்தச் சொல்லிக்குடுத்தேன்.”

எட்டு தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு வருஷம் தன் கையைப் பிடித்து எழுத வைத்த கை, எந்த வரியை நோக்கித் தன்னை நடத்திக்கொண்டு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவளிடம் கோபப்படத் தேடினார், கிடைக்கவில்லை. இருந்த கோபம் எல்லாவற்றையும் அப்படியே வாரி மச்சினன் தலையில் வைத்தார்.

* அடிக்குறிப்பு: இந்தப் பகுதியை என் மனைவி வாசித்தாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். “கூடையில துணி இல்ல. காலிக் கூடை.” துணிக் கூடை என்றால் துணி இருக்கவேண்டுமா என்ன? அப்படியே வைத்திருக்கிறேன்.

5

அதே வாரம் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கண்ணாடி தூக்கப் பழக்கும் பொறுப்பு எட்டுவின் மச்சினனுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் திங்கட்கிழமைக்குள் எழுதிப் பெட்டியில் போடலாம்.

இதை எட்டு தானே வாசித்தார். யாரும் கத்திச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நாலு பக்கம் எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் நாலு பக்கம். முதல் வரியிலேயே பேர். (அந்த நாலு பக்கம்தான் இந்தக் கதையின் முதல் பிரதி.) மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியில் போட்டால் மச்சினனுக்குப் பொறுப்பு போகும், ஒருவேளை வேலையும் போகும். போடாவிட்டால் தனக்குக் காது மந்தம்தான், சாகும்வரை.

ஞாயிறுதோறும் போகும் சபையின் போதகரிடம் போனார். போதகருக்கு அன்று கடும் சளி.

“பழி தீர்க்கிறதும் தீர்ப்புச் சொல்றதும் ஆண்டவர் தன் பொறுப்புன்னு சொல்லியிருக்கார். அவர் வேலைய நாம எடுத்துச் செய்யக் கூடாது. அவர்கிட்ட விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

“ஐயா, எங்க வேலையில ‘விடு’ன்னா, கீழ மரம் இருக்கணும். எதிர்ப்பக்கம் ஒருத்தர் பிடிச்சிருக்கணும். அவர் பிடிச்சிருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

போதகர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “அவர் பிடிச்சுத்தான் இருக்கார். நீங்கதான் விரலை எடுக்காம இருக்கீங்க. அதான் நசுங்குது.”

எட்டுவுக்குச் சுருக்கென்றது. “அன்னைக்கும் எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. நான் விரலை எடுக்கலன்னு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். போதகரின் தும்மல் வாசல்வரை வழியனுப்பியது.

ஆனாலும் சொல் காதுக்குள் போய்விட்டது. நல்ல காது அல்லவா. விட்டுப் பார்த்தார். காலையில் ஜெபத்தில், “ஆண்டவரே, இவன் காரியத்தை உம்மிடம் விட்டேன்” என்பார். அடுத்த மூச்சிலேயே, “ரெண்டு விரல் போதும், அதுக்கு மேல வேண்டாம். இடது கையே இருக்கட்டும்” என்பார். விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆண்டவருக்கே மேஸ்திரி வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு துண்டுத் தாளில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டார், எழுதிவைத்தாலாவது நிற்கிறதா பார்ப்போம் என்று. மனைவி எடுத்து வாசித்தாள்.

‘ஆண்டவரிடம் வீடு.’

“என்னங்க, ஆண்டவர்கிட்ட வீடு கேக்குறீங்களா? இருக்கிற வீட்டுல ஒழுகுற குழாயை முதல்ல மாத்துங்க.”

“சுழி தானா வந்துடுச்சு.”

“‘விடு’வுக்குச் சுழி கிடையாதுங்க” என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டார். திருத்துவதற்குப் பேனாவை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அப்படியே மடித்து டப்பாவில் வைத்துவிட்டாள்.

(எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம். பழியை விடுவதும் உண்மையை விடுவதும் ஒன்றா? உண்மையை விட்டுவிட்டால் நாளைக்குப் பழக வருகிறவர்களின் விரல்களுக்கு யார் பதில் சொல்வது? இதைப் போதகரிடம் கேட்கவில்லை. எட்டுவும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததோடு சரி.)

6

சனிக்கிழமை காலை. சபையின் முன்கதவுக்கு ஒரு புதுக் கண்ணாடி வந்து இறங்கியிருந்தது. அதை உள்ளே கொண்டுபோய் வைக்க, கண்ணாடி தூக்கத் தெரிந்த இரண்டு பேரைப் போதகர் வரச்சொல்லியிருந்தார். சபையில் அப்படி இரண்டே பேர்தான். (போதகர் வேண்டுமென்றே செய்தாரா? நானும் கேட்டேன். இருமினார்.)

மச்சினன் எட்டுவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“அத்தான், நீங்க பின்னால வாங்க. கனம் தெரியாது.”

“பதினோரு வருஷம் பின்னாலதான் இருந்தேன். நகரு.”

எட்டு முன்னால் பிடித்தார். எட்டு விரலுக்கும் கண்ணாடியின் குளிர்ச்சி ஞாபகம் இருந்தது. படி ஏறினார்கள். உள்ளே மரச்சட்டம் போட்டிருந்தது. எட்டுவின் மூலை மரத்தைத் தொட்டது. மறுபக்கம் மச்சினன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பத்து விரலும் கண்ணாடிக்கு அடியில். சுற்றிலும் யாரும் இல்லை.

இனி எட்டு ஒன்றுமே செய்யவேண்டாம். ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

7

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

(அ) எட்டு கையை எடுத்தார்.

இதை எழுதும்போது பேனா எங்கேயும் நிற்கவில்லை. ல, ள, ழ எதிலும் தடுமாறவில்லை. சுழிகூடச் சரியாக விழுந்தது. பிழையே இல்லாமல் நான் எழுதிய ஒரே பக்கம் அதுதான். அதைப் பார்த்துப் பயந்துதான் அந்த முடிவை விட்டேன்.

(ஆ) மச்சினன் அவர் காலில் விழுந்து கதறினான்.

மனைவி வாசித்துவிட்டு, “என் தம்பியா? முழங்கால் கிழிஞ்சு ரத்தம் வந்தப்பவே அழாதவன். அதுவும் கையில கண்ணாடிய வச்சுக்கிட்டு எப்படிங்க கால்ல விழுவான்? கண்ணாடிய யாரு பிடிச்சுக்கிறது, ஆண்டவரா?” என்றாள். விட்டேன்.

(இ) எட்டு “விடு” என்றார். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

மச்சினன் விரலை எடுக்கவில்லை.

“அத்தான்.”

“ம்.”

“அன்னைக்கு நான் சொல்லல.”

“தெரியும். சொன்னதா நீ பேப்பர்ல கையெழுத்துப் போட்டதையும் படிச்சிட்டேன்.”

“உங்க காது…”

“நல்லாக் கேக்கும். கனமா இருக்கு, சீக்கிரம் சொல்லித் தொலை.”

“தலையைத்தான் ஆட்டினேன் அத்தான். நான் ‘விடுங்க அத்தான், விடுங்க அத்தான்’னு சொல்றதக் கேட்டு முந்தின நாளு எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறியாடான்னு கேட்டாங்க. அக்கா வீட்டுக்காரரப் போயி எப்படி ‘விடு’ன்னு… வாயில வரல. தலையை ஆட்டிட்டுக் கையை எடுத்துட்டேன். அப்புறம் ஆபீஸ்ல கேட்டப்போ பயந்துட்டு…”

எட்டு பிடித்திருந்த பக்கம் கண்ணாடி ஆடியது. சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

“அடப்பாவி. ஒரு ‘ங்க’வுக்கு ரெண்டு விரலா?”

“மன்னிச்சுடுங்க அத்தான்.”

கோபம் அந்த நொடியில் பறந்துபோனது என்று எழுத ஆசைதான். பறக்கவில்லை. இரண்டு விரல் இல்லாத இடம் அப்படியே இருந்தது, பதினோரு வருஷக் கத்தலும் அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. அவ்வளவுதான். கை வலித்தது.

“இப்ப நான் சொல்றேன். விடு.”

மச்சினன் விரல்களை உருவினான். “விட்டேன்” என்றான். சபைக்குள் எதிரொலிக்கும்படி, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து.

எட்டு கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து நாலு பக்கத்தையும் எடுத்து அவனிடம் நீட்டினார்.

“நடந்தது எல்லாம் இதுல இருக்கு. பெட்டியில போடுறதும் போடாததும் உன்பாடு. உனக்கும் எனக்கும் மேல ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கார், அது அவர்பாடு. ஆனா வர்ற பிள்ளைங்களுக்கு யார் பழக்கினாலும் சரி, பெரியவன் சின்னவன் பாக்காம ‘விடு’ன்னு கத்தச் சொல்லு.”

மச்சினன் தாளைப் பிரித்தான். “முதல் வரியிலேயே என் பேரா?”

“பிழை இருந்தா திருத்திக்கோ” என்றார் எட்டு. “நான் விட்டேன்.”

8

இனி ‘அவர்’ வேண்டாம். திங்கட்கிழமை காலை நான் கிடங்குக்குப் போனேன். துணியை நனைத்துப் பிழிந்து, முதல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். பெட்டி அலுவலக வாசலில் இருந்தது. அதில் என்ன விழுந்தது, விழவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அவனை ‘நல்லவன்’ என்றோ ‘கெட்டவன்’ என்றோ முடிவு கட்டுவீர்கள். நான் விட்டதை உங்கள் கையில் கொடுத்துத் தீர்க்கச் சொன்னதாக ஆகிவிடும். சுற்றிவளைத்து அதே பழிதான்.

இவ்வளவு சொல்லலாம். பத்து மணிக்கு டீ வந்தது. கொண்டுவந்தவர் எனக்குப் பின்னால் நின்றார். துடைத்த கண்ணாடியில் அவருடைய வாய் திறப்பது தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது.

கத்தினாரா, மெதுவாகக் கூப்பிட்டாரா?

அதை உங்களிடம் கொடுக்கிறேன். இவ்வளவு நேரம் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு படியேறி வந்தது நீங்கள்தானே. என் மூலை மரத்தைத் தொட்டுவிட்டது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தச் சொல்லுக்கு ‘ங்கள்’ கிடையாது. சுழியும் கிடையாது. விரல் பத்திரம்.

விடு.